பதில் வராத பதினாறு மணி நேரம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். படப்பையில் காலை ஏழு நாற்பது ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ், கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் போன். யாரிடமோ சொன்னாள்:

"பத்து வருசம் உசிரோட இருக்கும்னு சொல்லித்தான் வச்சது. பதினாலு மாசத்துல பதினெட்டும் செத்துப் போச்சு. கத்திக் கத்தியே செத்திருக்கும்னு நெனைக்கேன்."

ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். செத்தது ஏரித் தண்ணீரை அளக்கும் கருவிகள் என்று ஒரகடம் மேம்பாலம் வருவதற்குள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இறங்கும்போது நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருந்தேன். திரும்பி நடந்தேன். நடந்தபோதே முதல் வரியை யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அதே ஆட்டோ, அதே இருக்கை. அவளைச் செல்வலட்சுமி என்று அழைக்கப் போகிறேன். உண்மைப் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். ஊர் நாங்குநேரிப் பக்கம், படிப்பு மின்னணுவியல் டிப்ளமோ, தங்குவது படப்பையில் ஒரு பெண்கள் விடுதியில். ஒரகடத்தில் சின்னக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை. செய்து முடித்த கருவிகளைச் சோதித்து, சரியாக இருந்தால் தன் பெயரின் இரண்டு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவாள். என்னை அண்ணாச்சி என்பாள்.

செத்துப்போன பதினெட்டிலும் அவள் எழுத்துதான் இருந்தது.

2

கதைக்கு இதுவரை மூன்று தொடக்கங்கள் எழுதினேன். எதையும் கிழித்துப் போடுவது என் வழக்கமில்லை. கடிதம் எழுதினாலும் எண் போட்டு, தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்வேன். உத்திரமேரூர்ப் பள்ளியில் பழகியது, இன்னும் விடவில்லை.

தொடக்கம் எண் 1: "நள்ளிரவு. ஏரிக்கரையில் ஒரு சின்னஞ்சிறு பெட்டி, தன்னந்தனியாக, யாருமற்ற இருளில்

(நிறுத்திவிட்டேன். அந்த ஏரியை நான் நள்ளிரவில் பார்த்ததில்லை. பகலில் போய்ப் பார்த்தபோது பெட்டி தனியாகவும் இல்லை. பக்கத்தில் எருமை கட்டியிருந்தார்கள்.)

தொடக்கம் எண் 2: "செல்வலட்சுமியின் கண்களில் ஒரு

(அடித்துவிட்டேன். அவள் இதைப் படிப்பாள்.)

தொடக்கம் எண் 3: "பொருள்: மின்கலம் விரைவில் தீர்ந்துபோதல் தொடர்பாக."

(இது நன்றாக இருந்தது. ஆனால் கடிதமாகிவிட்டது. கடிதமென்றால் யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி கடைசியில் வரும், தெரிந்துதான் சொல்கிறேன்.)

3

இப்போது கருவியைப் பற்றி. இதை அவள் எனக்குச் சொன்ன அன்று கிடங்கில் இரண்டு லாரிக்குச் சீட்டு மாற்றிக் கொடுத்துவிட்டேன், அவ்வளவு பரபரப்பு.

அந்தக் கருவியின் முக்கியமான வேலை தூங்குவது! மணிக்கு ஒரு முறை விழிக்கும். ஏரியில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்கும். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடியில் இருக்கும் பெட்டிக்குக் கம்பியில்லாமல் ஒரே ஒரு வரி சொல்லும். 'வந்து சேர்ந்தது' என்று அந்தப் பெட்டி பதில் சொன்னதும் மறுபடி தூங்கிவிடும். அந்தப் பெட்டிக்குப் பெயர் கேட்வே. சுற்றுவட்டார ஏரிகளில் இருக்கும் பதினெட்டுக் கருவிகளும் சொல்வதை அது ஒன்றே கேட்டு இணையத்தில் ஏற்றிவிடும்.

தூங்கும்போது கருவி எடுக்கும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஆம்பியரை இரண்டு லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பேசும்போது அதைப்போல இருபதாயிரம் மடங்கு. ஆனால் பேச்சு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதனால்தான் விரல் நீள மின்கலம்* ஒன்று பத்து வருடம் தாங்கும் என்கிறார்கள். நான் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். தாங்கும்.

(* சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த அளவு. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. அவள் கையில் ஒன்றைக் கொடுத்துக் காட்டினாள். எடை ஒரு வாழைப்பழம்கூட இல்லை.)

பதில் வராவிட்டால்?

இங்கேதான் என் தலைமுடி நட்டுக்கொண்டது. பதில் வராவிட்டால், நாம் தூரத்தில் இருக்கிறோம் போலிருக்கிறது என்று கருவி நினைத்துக்கொள்ளும். காது மந்தமான மாமாவிடம் பேசுவதுபோல, அதே வரியை நிறுத்தி, நிதானமாக, பலமாகச் சொல்லும். கண் இமைப்பில் முடிந்த பேச்சுக்கு இப்போது ஒன்றரை விநாடி. இருபத்தைந்து மடங்கு செலவு. அதற்கும் பதில் இல்லையென்றால் மறுபடி. இப்படி எட்டு முறை. அப்புறம் தூங்கி, அடுத்த மணிக்கு எழுந்து, மறுபடி எட்டு முறை.

காகிதத்தை எடுத்து இதையும் பெருக்கினேன். அவள் சொன்னதுபோல தினமும் பதினாறு மணி நேரம் (ஏன் என்பது பின்னால் வரும்) பதில் வராமல் இருந்தால் பத்து வருடத்து மின்கலம் பதினாலு மாதத்தில் தீரும்.

பதினாலு! நான் சொல்லாமலே கணக்கு அந்த எண்ணில் வந்து நின்றது. ஓடுகிற ஆட்டோவில் காகிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் சிரித்தாள். "நேத்தே போட்டாச்சு அண்ணாச்சி," என்றாள்.

4

ஆனால் அவள் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. கருவிகள் செத்ததற்கு அவளுடைய சோதனைதான் காரணம் என்று அறிக்கை போனால் ஒப்பந்தம் நீளாது. வேலை போவது மட்டும் இல்லை. மாலை நேரக் கல்லூரியில் பொறியியல் படிக்க இடம் வாங்கியிருக்கிறாள். வேலையில் இருப்பவர்களுக்கான இடம் அது. கம்பெனி சான்றிதழ் கொடுத்தால்தான் சேர முடியும். சான்றிதழை ஒப்படைக்கக் கடைசி நாளும் அதே முப்பதாம் தேதி.

அறிக்கைப் படிவத்தை அவளிடம் கொடுத்தவர் சூப்பர்வைசர் பரசுராமன், உள்ளூர்க்காரர். வில்லனாக எழுத வசதியான மனிதர். எழுதியும் பார்த்தேன். மீசை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் செய்ததெல்லாம் படிவத்தை அவளையே நிரப்பச் சொன்னதுதான். வேறொருவர் நிரப்பியிருந்தால் அன்றைக்கே அவள் கதை முடிந்திருக்கும்.

"நீ ஒழுங்காதான் டெஸ்ட் பண்ணுவ, எனக்குத் தெரியாதா. ஆனா ஸ்டிக்கர்ல உன் பேருதான கீது," என்றாராம். "மேல இருக்கறவங்களுக்கு ஒரு பேரு வேணும்மா. உன் பேரு இல்லன்னா வேற பேரு குடு."

படிவத்தில் மூன்று கட்டங்கள். கருவிகள், காரணம், பொறுப்பு.

5

சோதனை மேஜையில் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அங்கே ஒரு கேட்வே நான்கு மீட்டர் தள்ளி சுவரில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கேட்ட கேள்விக்கு உடனே பதில். கருவிக்குக் கத்த வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அப்படியென்றால் ஏரிப்பக்கம் என்ன நடந்தது? பதினாலு மாதமாக வந்து சேர்ந்த செய்திகளின் பட்டியலை அச்செடுத்து விடுதி அறையில் தரையெல்லாம் பரப்பினாள். தினமும் காலை ஒன்பது இருபதுக்குச் செய்திகள் தொடங்குகின்றன. மாலை ஐந்துக்கு நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. பெரிய வெள்ளியன்று ஒன்றுமே இல்லை. ஒரு புதன்கிழமை மட்டும் பதினொரு மணிக்கே நின்றிருக்கிறது. நாட்காட்டியைப் புரட்டினாள். சாம்பல் புதன், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்.

அறைத்தோழி பேச்சி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒங்க பெட்டி வேதக்கோயில்ல சேர்ந்திருச்சா?" என்று கேட்டாளாம்.

(இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஏரி நிலவரத்தைத் திரையில் பார்க்கிறவர்கள் பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற அலுவலகத்தார். அவர்கள் பார்த்த நேரமெல்லாம் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.)

கேட்வே எங்கே மாட்டப்பட்டது என்று பழைய தாள்களைத் தேடினாள். வடக்குப்பட்டுப் பக்கம், தேவாலயத்தார் நடத்தும் தையல் பயிற்சி மையம். சுற்றுவட்டாரத்தில் உயரமான மொட்டை மாடி அதுதானாம்.

6

இனி வருகிறவர் லூர்தம்மாள். தையல் மையத்தைத் திறந்து, பெருக்கி, பூட்டுகிறவர். வயது ஐம்பதுக்குப் பக்கம்.

இவரை மூன்று முறை எழுதினேன். முதல் முறை வெற்றிலை மென்றபடி, கருவி பற்றி அக்கறையே இல்லாத ஆளாக எழுதினேன். கதை விறுவிறுப்பாகப் போனது. எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டார் அல்லவா? நாலு பக்கம் ஓடிய பிறகுதான் உறைத்தது. பரசுராமன் கேட்ட அதே பெயரை நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அறிக்கை முடிய வேண்டும், எனக்குக் கதை.

இரண்டாம் முறை பரிதாபமான ஆளாக எழுதினேன். அவரே வந்து பார்த்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்.

மூன்றாவது இது.

செல்வலட்சுமி அரை நாள் விடுப்புப் போட்டு அங்கே போனபோது மாலை நாலே முக்கால். தைக்கும் பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லூர்தம்மாள் நூல் துணுக்குகளைக் கூட்டி, பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் உறை போட்டார். மாடிப் பெட்டிக்குப் போகும் பிளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது: 'தயவுசெய்து இந்தச் சுவிட்சை அணைக்காதீர்கள்.' அதன் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். பிறகு கதவருகே போனார். மெயின் சுவிட்சை இறக்கினார். மாடியில் கேட்வேயின் பச்சை விளக்கு அணைந்தது.

"அக்கா, அத ஏன் அணைச்சீய?"

"எத?"

"மெயின."

"பின்ன, வூட்டுக்குப் போவும்போது யாராச்சும் அணைக்காம போவாங்களா?"

செல்வலட்சுமி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

"அந்த சுவிட்ச நான் தொட்டதே இல்லம்மா. வந்து மாட்டனாங்களே, அப்ப போட்டது போட்டபடியே கீது பாரு."

உண்மைதான். அந்தச் சுவிட்ச் பதினாலு மாதமாகப் போட்டபடியேதான் இருந்தது. அதை மாட்டியவர்கள் அணைக்காதே என்று எதைச் சொன்னார்களோ அதை அவர் அணைக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் யாரோ அணைக்காமல் விட்டுப்போன இஸ்திரிப் பெட்டியால் கல்யாண ரவிக்கைகள் ஒரு கட்டு எரிந்துபோயிருக்கிறது. மெயினையே இறக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்று அன்று சொன்னார்கள். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை.

செல்வலட்சுமி எல்லாவற்றையும் விளக்கினாள். கருவி, தூக்கம், எட்டு முறை கத்துவது. லூர்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாடியில் இருக்கிற அந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று விசாரித்தார்.

"ஒரு ஜீரோ வாட் பல்பு அளவுதான்க்கா."

"அதுக்கா இத்தினி கூத்து."

(செல்வலட்சுமி எனக்குச் சொன்னது இதுவரைதான். அன்று ஆட்டோ ஒரகடம் வந்துவிட்டது. கீழே வருவது நான் எழுதியது. இரண்டையும் கலந்து உங்களை ஏமாற்ற மனம் வரவில்லை.)

லூர்தம்மாள் சாவியைக் கையில் எடுத்தார்.

"அப்ப நான் அணைச்சதாலதான் அதுங்க செத்துச்சி."

செல்வலட்சுமி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"சொல்லும்மா. நான் இன்னா கொழந்தையா."

"ரிப்போர்ட்ல பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்குக்கா. ஒரு பேரு எழுதணும். எழுதலன்னா எம் பேர எழுதிருவாவ. ஒங்க பேர எழுதினா இங்க ஒங்களக் கேப்பாவ."

லூர்தம்மாள் பூட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். இரண்டாவது முறையும் இழுத்துப் பார்த்தார்.

"எழுதறதுன்னா எழுது. முழுசா எழுது. லூர்தம்மாள், பதினோரு வருசமா ஒரு நாளுகூட மறக்காம மெயின அணைச்சவள்னு எழுது. பாதி எழுதாத."

7

முடிவுகள்.

முதல் முடிவு: செல்வலட்சுமி லூர்தம்மாளின் பெயரை எழுதுகிறாள். ஒப்பந்தம் நீள்கிறது. கல்லூரியில் சேர்கிறாள். தையல் மையத்தில் வேறொருவர் பூட்டுகிறார். அவர் மெயினை அணைப்பதில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியை

(இதற்கு மேல் எழுதவில்லை. எரிய வைத்துத்தான் நியாயம் காட்ட வேண்டும் என்றால் எனக்கு அந்தக் கதை வேண்டாம்.)

இரண்டாம் முடிவு: தன் பெயரையே எழுதிவிட்டு நாங்குநேரி பஸ் ஏறுகிறாள். ஜன்னலோரம்

(பஸ், ஜன்னல், காற்று. வேண்டாம். அவள் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவள். தியாகம் செய்ய அவளை நான் அனுப்ப முடியாது.)

மூன்றாம் முடிவு. இதை எழுதியபோது சந்தோஷத்தில் கை ஓடவே இல்லை. யோசித்துப் பாருங்கள், சரிசெய்ய வேண்டியது என்ன? மெயினுக்கு முன்னாலிருந்தே கேட்வேக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. அதுவும் போக, பதில் வராவிட்டால் எட்டு முறை கத்து, ஒவ்வொரு மணிக்கும் கத்து, சாகும்வரை கத்து என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இரண்டு முறை கேட்டுப் பார், பதில் இல்லையா, காலைவரை தூங்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கலாமே! மழைக்காலத்தில் மின்சாரம் போகாத ஊரா இது? அந்தக் கட்டளையை எழுதியது கம்பெனியின் மேலிடம். பொறுப்பு என்ற கட்டத்தில் செல்வலட்சுமி அவர்களை எழுதுகிறாள். பரசுராமன் படித்துவிட்டு எழுந்து நிற்கிறார்.

(மறுநாள் காலை படித்துப் பார்த்தேன். எனக்கு நிரந்தர வேலை. பி.எஃப். பிடிக்கிறார்கள். அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அவள் வேலையை வைத்துக்கொண்டு நான் வீரம் காட்டியிருக்கிறேன். இந்த முடிவு சரியானதாக இருக்கலாம். ஆனால் அதை அவள் எழுத வேண்டும், அவளுக்காக நான் எழுதக் கூடாது.)

8

அவளிடமே கேட்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் அவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஆட்டோவில் வரவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, எழுதிக் கொடுத்தால் படித்துச் சொல்கிறேன் என்று முன்பு சொல்லியிருந்தாள். அவளுடைய போன் எண்ணையும் நான் வாங்கி வைக்கவில்லை. ஆகவே விடுதி முகவரிக்கு எழுதினேன்.

கடித எண் 1: அரைப் பக்கம். லூர்தம்மாள் கடைசியில் ஏதாவது சொன்னாரா, பொறுப்பு என்ற கட்டத்தில் நீ என்ன எழுதப் போகிறாய், இரண்டே கேள்வி. பதில் இல்லை.

கடித எண் 2: முதல் கடிதம் சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதையே விளக்கமாக இரண்டு பக்கம். பதில் இல்லை.

கடித எண் 3: நாலு பக்கம். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடு.

கடித எண் 4: ஏழு பக்கம், பெரிய எழுத்தில், ஒப்புகை அட்டையுடன். கையெழுத்தாகித் திரும்பி வரவேண்டிய அட்டை வரவில்லை.

கடித எண் 5-ஐ எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். 'பார்வை: எனது கடித எண்கள் 1, 2, 3, 4' என்று எழுதி முடித்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது. நகல் கோப்பைப் பிரித்து நான்கு கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முன்னதைவிட நீளம், ஒவ்வொன்றும் முன்னதைவிட நிதானம், ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சத்தம்!

எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். சிரிப்பு வந்தது. அந்தப் பெண் மறுமுனையில் வேலையில் இருக்கிறாள், அல்லது தூங்குகிறாள், அல்லது ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதில் விழவில்லை என்று நானாக முடிவுகட்டி ஏழு பக்கம் கத்தியிருக்கிறேன்.

ஐந்தாவது கடிதத்தை அனுப்பவில்லை. அதில் எழுத நினைத்ததை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இன்று இருபத்தெட்டாம் தேதி. படிவம் அவள் பையில் இருக்கிறது. மேலே இரண்டு கட்டங்களை அவளே நிரப்பியிருந்தாள். ஷிப்ட் மாறுவதற்கு முன் ஆட்டோவில் எனக்குக் காட்டியிருந்தாள்:

கருவிகள்: 18

காரணம்: கேட்வே தினமும் பதினாறு மணி நேரம் அணைந்திருந்தது. பதில் வராதபோதும் கருவிகள் பேசுவதை நிறுத்தவில்லை.

பொறுப்பு:

மூன்றாவது கட்டம் நாலு விரல் அகலம், ஒரே ஒரு கோடு. அவள் முப்பதாம் தேதி எழுதுவாள். நீங்கள் அதற்குள் எழுதலாம். லூர்தம்மாளின் பெயரை எழுதுவதென்றால் அந்தக் கோட்டில் இடம் போதாது, பாதி எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் (அல்லது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்). தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டாம். இதில் ஒப்புகை அட்டை இணைக்கவில்லை.